டிவியில் ஜெயித்த குரல் மேடையில் தாங்குமா? பாட்டுப் போட்டி நட்சத்திரங்களும் இசை நாடகங்களும்

இப்படி ஒரு மாலையைக் கற்பனை செய்து பாருங்கள்.

மூன்று மாதத்துக்கு முன்பே டிக்கெட் வாங்கிவிட்டீர்கள். டிவி பாட்டுப் போட்டியில் வாராவாரம் நீங்கள் ஓட்டுப் போட்டு ஜெயிக்கவைத்த பாடகி, முதன்முறையாக ஒரு மேடை இசை நாடகத்தில் நடிக்கிறார். அரங்கத்துக்கு வெளியே அவருடைய முகம் இரண்டு மாடி உயரத்துக்கு நிற்கிறது. படம் எடுத்துப் போட்டாச்சு. உள்ளே போய் உட்கார்கிறீர்கள். நிகழ்ச்சிக் கையேட்டைத் திறந்தால், சின்னதாக ஒரு துண்டுக் காகிதம் மடியில் விழுகிறது. இன்றைய காட்சியில் அந்தப் பாத்திரத்தில் வேறொருவர் நடிக்கிறார் என்கிறது காகிதம். நீங்கள் கேள்விப்பட்டே இராத பெயர்.

என்ன தோணும் உங்களுக்கு? கோபமா? ஏமாற்றமா? "பரவாயில்ல, பாத்துட்டுப் போவோம்" என்றா?

2007ஆம் ஆண்டு நியூயார்க்கில் நிறைய பேர் அந்தக் காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் பார்க்க வந்தது ஃபன்டேஷியா பரினோவை.

ஃபன்டேஷியா யார்?

உங்களில் பலர் அப்போது பிறந்தே இருக்கமாட்டீர்கள், அதனால் கொஞ்சம் விளக்கம். 2004இல் 'அமெரிக்கன் ஐடல்' போட்டியின் மூன்றாவது பருவத்தை வென்றவர். அப்போது அவருக்கு வயது 19. வட கரோலைனா மாநிலத்தின் ஹை பாயின்ட் என்ற ஊர்க்காரர். தேவாலயத்தில் பாடி வளர்ந்தவர். 17 வயதிலேயே தாயானவர், தனியாகக் குழந்தையை வளர்த்தவர். போட்டி முடிந்து வெளியான அவருடைய முதல் பாட்டு, பில்போர்ட் ஹாட் 100 பட்டியலில் நேராக முதல் இடத்திலேயே நுழைந்தது. முதல் பாட்டிலேயே அப்படி நுழைந்தவர் அதற்குமுன் யாரும் இல்லை.

அதற்கு அடுத்த ஆண்டு தம் வாழ்க்கைக் கதையைப் புத்தகமாக வெளியிட்டார். தமக்குச் சரியாக எழுதப் படிக்க வராது என்பதை அதில் அவர் மறைக்கவில்லை. படிக்க முடியாத ஒப்பந்தங்களில் கையெழுத்துப் போட்டதையும் வெளிப்படையாகச் சொன்னார்.

அப்படிப்பட்டவருக்குத்தான் 'தி கலர் பர்ப்பிள்' இசை நாடகத்தில் செலி என்ற முதன்மைப் பாத்திரம் வந்தது. ஆலிஸ் வாக்கர் 1982இல் எழுதிய நாவல் அது. ஸ்டீவன் ஸ்பீல்பர்க் 1985இல் படமாக எடுத்தார். 2005 டிசம்பரில் பிராட்வேயில் இசை நாடகமாக அரங்கேறியது. தயாரிப்பாளர்களில் ஒருவர் ஓப்ரா வின்ஃப்ரி. முதலில் செலியாக நடித்த லாஷான்ஸ் அதற்காக 2006இல் டோனி விருதே வாங்கிவிட்டார். அந்த இடத்தில் போய் நிற்பது சாதாரண விஷயமில்லை.

செலியின் கதை தெரிந்தவர்களுக்கு ஏன் ஃபன்டேஷியா என்பது உடனே புரிந்திருக்கும். செலி, சிறு வயதிலேயே வன்கொடுமைக்கு ஆளாகித் தாயாகும் பெண். தான் அழகில்லை, எதற்கும் லாயக்கில்லை என்று சொல்லிச் சொல்லியே அமுக்கப்பட்டவள். தங்கை நெட்டிதான் அவளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்கிறாள். நாவலே செலி எழுதும் கடிதங்களாக விரிகிறது. எழுத்தோடு போராடிய ஒரு பாடகி, எழுத்துக் கற்றுக்கொள்ளும் பெண்ணாக மேடையில் நிற்கிறார் என்றால், எந்த நடிப்புப் பள்ளியும் கொடுக்கமுடியாத ஒன்று ஏற்கெனவே அவரிடம் இருக்கிறது.

2007 ஏப்ரல் 10ஆம் தேதி அவர் மேடையேறினார். அமெரிக்க நாடக விமர்சகர்கள் டிவி நட்சத்திரங்களைப் பார்த்தாலே முகம் சுளிப்பவர்கள். ஆனால் இம்முறை பாராட்டினார்கள். புதிய மேடைக் கலைஞர்களுக்குத் தரும் தியேட்டர் வேர்ல்ட் விருது அந்த ஆண்டு அவருக்குக் கிடைத்தது. சரிந்துகொண்டிருந்த டிக்கெட் வசூல், வாரத்துக்கு ஒரு மில்லியன் அமெரிக்க டாலரை மீண்டும் தாண்டியது. அவருடைய ஒப்பந்தம் 2008 ஜனவரிவரை நீட்டிக்கப்பட்டது.

இதுவரைக்கும் எல்லாம் நல்லாத்தான் போச்சு. அப்புறம் அவர் வராத நாள்கள் கூடின. ஒன்றிரண்டு அல்ல, டஜன் கணக்கில். நாளிதழ்கள் எண்ண ஆரம்பித்தன. 'ஐடல் நட்சத்திரம் பொறுப்பில்லாதவர்' என்ற பேச்சும் ஆரம்பித்தது. குரல் நாணில் கட்டி இருந்ததை அவர் பின்னர் வெளியே சொன்னார்.

2008 ஜனவரி 6ஆம் தேதி அவர் விடைபெற்றார். ஏழு வாரத்தில், பிப்ரவரி 24ஆம் தேதி, நாடகமே மூடப்பட்டது.

சரி, தயாரிப்பாளர்கள் ஏன் டிவி பக்கம் பார்க்கிறார்கள்?

காரணம் ரொம்ப எளிமையானது: காலி இருக்கை.

சினிமா மாதிரி இல்லை இது. ஒரு படத்தை எடுத்துவிட்டால் செலவு முடிந்தது. இசை நாடகத்துக்கு ஒவ்வொரு வாரமும் செலவு உண்டு. அரங்க வாடகை, நடிகர்கள், இசைக்குழு, விளக்கு, ஒலி, உடை மாற்றிவிடுபவர்கள், விளம்பரம் என்று எல்லோருக்கும் வாரச் சம்பளம். அரங்கம் பாதி நிரம்பினாலும் அதே செலவுதான். முதல் ஆண்டில் நாடகப் பிரியர்கள் எல்லோரும் பார்த்துவிடுவார்கள். இரண்டாம் ஆண்டில் யாரை அழைப்பது? நாடகமே பார்க்காதவர்களை. அவர்களுக்கு நாடகத்தின் பெயர் தெரியாது, ஆனால் பாடகியின் பெயர் தெரியும்.

பிராட்வேயில் இதற்கு ஒரு கிண்டல் பெயரே உண்டு: 'ஸ்டன்ட் காஸ்டிங்'. கவன ஈர்ப்புக்காகப் பிரபலங்களைப் போடுவது. 1996இல் மீண்டும் அரங்கேறிய 'சிக்காகோ' இன்றுவரை ஓடுகிறது என்றால், அதற்கு ஒரு முக்கியக் காரணம் சில வாரங்களுக்கு ஒரு பிரபலம் என்று மாற்றிக்கொண்டே இருப்பதுதான். பாப் பாடகர் அஷரும் அதில் நடித்திருக்கிறார்.

டிவி பாட்டுப் போட்டியிலிருந்து வருபவருக்கு இன்னொரு கூடுதல் மதிப்பும் உண்டு. அவரை ஜெயிக்கவைத்தது மக்கள். தாம் போட்ட ஓட்டு வீணாகவில்லை என்று பார்க்க ஓட்டுப் போட்டவர்களுக்கு ஓர் ஆசை இருக்கும். சினிமா நட்சத்திரத்தின் மேல் இருப்பது ரசிப்பு. போட்டிப் பாடகர் மேல் இருப்பது கிட்டத்தட்டச் சொந்தம். 'நம்ம புள்ள' என்ற உணர்வு. வசந்தம் ஸ்டார் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதை நான் விளக்கவே வேண்டாம்.

அதனால்தான் அந்தத் துண்டுக் காகிதம் அவ்வளவு வலிக்கிறது.

வாரத்துக்கு எட்டு

பாப் பாடகருக்கும் மேடை இசை நாடகக் கலைஞருக்கும் குரல் ஒன்றுதான், ஆனால் வேலை ஒன்றல்ல. இந்த இடத்தில் கொஞ்சம் நின்று பார்ப்போம். ஃபன்டேஷியாவைப் பற்றி அன்றைக்கு எழுதப்பட்டதில் பாதி, இது புரியாமல் எழுதப்பட்டது என்பது என் கருத்து.

டிவி போட்டியில் ஒரு பாட்டு எவ்வளவு நேரம்? பெரும்பாலும் இரண்டு நிமிடத்துக்குள். வாரத்துக்கு ஒன்று அல்லது இரண்டு. அந்த இரண்டு நிமிடத்தில் இருப்பதை எல்லாம் கொட்டலாம். கடைசியில் ஓர் உச்ச சுரம், நடுவர்கள் எழுந்து நிற்பார்கள், அடுத்த ஆறு நாள் குரலுக்கு ஓய்வு.

இசைக் கச்சேரியில் கொஞ்சம் கூடுதல் வேலை. ஆனாலும் பாடகர் கையில் நிறைய வசதி இருக்கிறது. தொண்டை சரியில்லையா? சுருதியைக் குறைத்துக்கொள்ளலாம். பின்னணிக் குரல்கள் இருக்கும். ரொம்ப முடியவில்லை என்றால் மைக்கைக் கூட்டத்தின் பக்கம் திருப்பினால் போதும், அவங்களே பாடிருவாங்க.

இசை நாடகத்தில் இந்த வசதி எதுவும் கிடையாது. பிராட்வேயிலும் லண்டனிலும் வாரத்துக்கு எட்டுக் காட்சிகள். ஆறு நாளில் எட்டு, அதாவது இரண்டு நாள் மதியமும் மாலையும். ஒவ்வொன்றும் இரண்டரை மணி நேரம். பாட்டின் சுருதியும் வேகமும் எழுதப்பட்டவை. இசை இயக்குநர் கையசைக்கும் இடத்தில் தொடங்கி, அவர் காட்டும் இடத்தில் முடிக்கவேண்டும். இன்றைக்கு இந்த இடத்தில் ஒரு சங்கதி கூடுதலாகப் போடலாமே என்று நினைத்தால், எதிரில் நிற்கும் நடிகரின் வசனம் தள்ளிப்போகும், விளக்கு மாறும் நேரம் தவறும்.

பாட்டோடு முடிவதும் இல்லை. அழவேண்டும், கத்தவேண்டும், படியேறி ஓடிக்கொண்டே பாடவேண்டும். குரலுக்குப் பாட்டைவிட அழுகையும் கத்தலும்தான் ஆபத்து.

ஒரு சின்னக் கணக்கு. இசைக்கருவிகளைச் சுருதி சேர்க்கப் பயன்படும் நடு 'ஏ' சுரத்தை ஒருவர் பாடினால், அவருடைய குரல் நாண்கள் விநாடிக்கு 440 முறை ஒன்றோடு ஒன்று மோதுகின்றன. ஒரே ஒரு விநாடிக்கு. செலி மேடையைவிட்டு இறங்குவதே அபூர்வம். இப்போது இரண்டரை மணி நேரத்தை எட்டால் பெருக்கிப் பாருங்கள். வாரம் முழுக்கக் கை தட்டிக்கொண்டே இருந்தால் உள்ளங்கை என்னாகும்? அதுதான் தொண்டைக்குள்ளும் நடக்கிறது. வீக்கம், முடிச்சு, கட்டி, சிலருக்கு இரத்தக் கசிவு.

பயிற்சி பெற்றவர்கள் மூச்சை வைத்துச் சமாளிக்கக் கற்றுக்கொள்கிறார்கள். முழுக் குரலைப் போடுவதுபோல் காட்டி முக்கால் குரலில் பாடக் கற்றுக்கொள்கிறார்கள். காட்சி இல்லாத நேரத்தில் பேசாமல் இருக்கக் கற்றுக்கொள்கிறார்கள். விருந்து கிடையாது, பேட்டி குறைவு. ஆனால் டிவி நட்சத்திரத்தை எடுப்பதே பேட்டிக்காகத்தானே? காலையில் வானொலி, மதியம் பத்திரிகை, மாலையில் நாடகம். பெயரை விற்பதற்காகக் கொண்டுவருகிறார்கள், விற்கும் வேலையிலேயே குரல் தேய்கிறது.

பயிற்சி இருந்தால் மட்டும் தப்பித்துவிடலாம் என்றும் சொல்லமுடியாது. 2006இல் பிபிசி ஒரு டிவி போட்டி நடத்தி, 'தி சவுண்ட் ஆஃப் மியூசிக்' நாடகத்துக்கு மரியாவைத் தேடியது. வென்றவர் கொனி ஃபிஷர். அவர் பாப் பாடகி அல்ல, முறையாக மேடைக் கலை படித்தவர். இருந்தும் லண்டன் பலேடியத்தில் மேடையேறிய சில வாரங்களிலேயே, மருத்துவர் சொன்னபடி காட்சிகளைக் குறைத்துக்கொள்ளவேண்டி வந்தது. பல ஆண்டு கழித்து, குரல் நாணில் பிறவியிலேயே ஒரு குறைபாடு இருந்தது தெரியவந்தது.

நம்ம பக்கம் இந்தப் பாரம் புதுசில்லை. தமிழ் இசை நாடக மேடையில் மைக்கே இல்லாத காலத்தில் கடைசி வரிசைவரை கேட்கப் பாடிய எஸ்.ஜி. கிட்டப்பா, 1933இல் இறந்தபோது அவருக்கு வயது 27தான். அன்றைக்குப் பாதையும் எதிர்த்திசையில் இருந்தது. அவரும் கே.பி. சுந்தராம்பாளும் மேடையில் பெயர் வாங்கிய பிறகுதான் இசைத்தட்டுக்குப் போனார்கள். இன்றைக்குத் திரையில் பெயர் வாங்கிவிட்டு மேடைக்கு வருகிறார்கள்.

ஒரு பூனை, இரண்டு பாடகிகள்

இப்போது இன்னொரு கதை. இது கிட்டத்தட்ட ஒரு நாடகமே.

நிக்கோல் ஷெர்சிங்கரை 'புஸ்ஸிகேட் டால்ஸ்' குழுவின் முன்னணிப் பாடகியாக உங்களுக்குத் தெரிந்திருக்கும். அல்லது 'எக்ஸ் ஃபேக்டர்' நடுவராக. அவரும் டிவி போட்டியில் பிறந்தவர்தான் என்பது பலருக்குத் தெரியாது. 2001இல் அமெரிக்காவின் 'பாப்ஸ்டார்ஸ்' நிகழ்ச்சியில் தேர்வாகி 'ஈடன்ஸ் கிரஷ்' என்ற பெண்கள் குழுவில் பாடினார். அதற்கும் முன்னால், ஒஹாயோவின் ரைட் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் நாடகம் படித்துப் பாதியில் விட்டவர். அதாவது மேடைதான் அவருடைய முதல் கனவு, பாப் நடுவில் வந்தது.

2014 டிசம்பரில் லண்டன் பலேடியத்தில் 'கேட்ஸ்' இசை நாடகத்தில், ஒதுக்கப்பட்ட வயதான பூனை கிரிசபெல்லாவாக அவர் மேடையேறினார். புத்திசாலித்தனமான தேர்வு. கிரிசபெல்லா மேடையில் இருக்கும் நேரம் குறைவு, ஆனால் நாடகத்தின் மிகப் பிரபலமான பாட்டு அவளுடையது. டிவி போட்டியில் வந்தவருக்கு ஏற்ற அளவு: ஒரு பாட்டு, ஓர் உச்சம். அதற்கு அவர் ஒலிவியே விருதுக்கு நியமனமும் பெற்றார்.

2016இல் 'கேட்ஸ்' மீண்டும் பிராட்வேக்குப் போகத் தயாரானது. அதே வேடத்தில் ஷெர்சிங்கர் என்று பேச்சு. கடைசி நேரத்தில் அவர் விலகி 'எக்ஸ் ஃபேக்டர்' நடுவர் நாற்காலிக்குத் திரும்பினார். இசையமைப்பாளர் ஆண்ட்ரூ லாய்ட் வெபர் கோபத்தை மறைக்கவில்லை, பொதுவெளியிலேயே திட்டினார்.

அவருக்குப் பதில் யார் வந்தார் தெரியுமா? லியோனா லூயிஸ். 2006 'எக்ஸ் ஃபேக்டர்' வெற்றியாளர்! டிவிக்காக ஒருவர் மேடையை விட்டார், அதே டிவி நிகழ்ச்சி உருவாக்கிய இன்னொருவர் அந்த மேடையில் ஏறினார்.

லியோனாவின் குரலில் யாரும் குறை சொல்லமுடியாது. ஆனால் 2016 ஜூலை இறுதியில் நாடகம் அரங்கேறியபோது விமர்சனங்கள் கலவையாகத்தான் வந்தன. குரல் அழகாக இருக்கிறது, பூனை எங்கே என்பதுதான் பொதுவான குறை. சில மாதங்களில், அக்டோபரில் அவர் விலகிக்கொண்டார். அவர் போன பிறகும் நாடகம் 2017 டிசம்பர்வரை ஓடியது.

'தி கலர் பர்ப்பிள்' ஃபன்டேஷியா போன ஏழு வாரத்தில் மூடியது, 'கேட்ஸ்' லியோனா போன பிறகும் ஓராண்டுக்குமேல் ஓடியது. இரண்டையும் வைத்து, நட்சத்திரம்தான் நாடகத்தைத் தாங்குகிறது என்றோ தாங்கவில்லை என்றோ ஒரே வரியில் முடிவு கட்டாதீர்கள். 'கேட்ஸ்' என்ற பெயரே ஒரு நட்சத்திரம்.

திரும்பி வந்தவர்

ஷெர்சிங்கர் கதை அதோடு முடிந்திருந்தால் இந்தக் கட்டுரையில் அவருக்கு இவ்வளவு இடம் கொடுத்திருக்கமாட்டேன்.

2023 செப்டம்பரில் லண்டன் சவோய் அரங்கில் 'சன்செட் புலவார்ட்' தொடங்கியது. அதுவும் லாய்ட் வெபரின் நாடகம்தான். கோபம் ஆறிவிட்டதுபோல! ஷெர்சிங்கருக்கு நோர்மா டெஸ்மண்ட் வேடம். மௌனப் படக் காலத்தில் கொடிகட்டிப் பறந்து, பேசும் படம் வந்ததும் மறக்கப்பட்ட நடிகை. உலகம் இன்னும் தனக்காகக் காத்திருக்கிறது என்று நம்பிக்கொண்டே ஒரு மாளிகைக்குள் வாழ்கிறவள்.

இயக்குநர் ஜேமி லாய்ட் மாளிகையையே தூக்கிவிட்டார். வெறும் மேடை, கறுப்பு உடை, புகை. அதோடு கேமரா. நடிகர்களின் முகத்தை மேடையிலேயே நேரலையாகப் படம் பிடித்து, பின்னால் பிரம்மாண்டமான திரையில் காட்டினார்.

இதில் எனக்குச் சுவாரசியமான விஷயம் இதுதான். மேடை நடிகர் கடைசி வரிசைக்குத் தெரியும்படி உடம்பால் நடிக்கப் பழகியவர். டிவியில் வளர்ந்தவர் ஒரு கண்ணசைவில் நடிக்கப் பழகியவர். வழக்கமாக அது மேடையில் குறை. இந்தத் தயாரிப்பில் அதுவே பலம். டிவி நட்சத்திரத்தை மேடைக்குப் பழக்குவதற்குப் பதில், மேடையை டிவிக்குப் பழக்கிவிட்டார்கள். பாத்திரமும் பொருந்தியது. 45 வயதில், 'அவங்க காலம் முடிஞ்சிடுச்சு' என்று பலரும் முடிவு கட்டிய ஒரு பாப் பாடகி, காலம் முடிந்துவிட்டதாகச் சொல்லப்பட்ட ஒரு நடிகையாக நிற்கிறார். ஃபன்டேஷியாவும் செலியும்போல.

2024இல் சிறந்த இசை நாடக நடிகைக்கான ஒலிவியே. அதே ஆண்டு அக்டோபரில் பிராட்வே அறிமுகம். 2025 ஜூனில் டோனி விருது. அந்தப் பிரிவில் அவரோடு போட்டியிட்டவர்களில் ஒருவர், வேறு யாரையும்விட அதிக டோனி வென்ற நடிகையான ஆட்ரா மெக்டொனல்ட். சும்மா இல்லீங்க.

இடையில் ஒரு சறுக்கலும் உண்டு. 2024 நவம்பரில், அமெரிக்கத் தேர்தல் முடிந்த கையோடு, ஒருவருடைய இன்ஸ்டகிராம் பதிவின் கீழே அவர் போட்ட கருத்து சர்ச்சையாகி, மன்னிப்புக் கேட்கவேண்டி வந்தது. பெரிய பெயர் வரும்போது அதோடு சேர்ந்து வரும் சுமை இது. துணை நடிகர் என்ன கருத்துப் போட்டார் என்று யாரும் தேடிப் பார்ப்பதில்லை.

அந்தக் காகிதத்தில் இருக்கும் பெயர்

முதலில் சொன்ன அந்தத் துண்டுக் காகிதத்துக்கு வருவோம். அதில் எழுதியிருந்த பெயர் யாருடையது?

மேடையில் அவர்களுக்கு மூன்று வகைப் பெயர்கள். 'அண்டர்ஸ்டடி' என்றால் தினமும் சின்ன வேடத்தில் நடித்துக்கொண்டே பெரிய வேடத்தையும் மனப்பாடமாக வைத்திருப்பவர். 'ஸ்டாண்ட்பை' என்றால் அந்த ஒரு வேடத்துக்காகவே தயாராகக் காத்திருப்பவர். 'ஸ்விங்' என்றால் குழு நடிகர்கள் பலருடைய இடத்தையும் தெரிந்துவைத்திருப்பவர். இன்று மதியம் ஒருவருடைய இடத்தில், மாலையில் இன்னொருவருடைய இடத்தில். என்னைக் கேட்டால் மேடையிலேயே கடினமான வேலை ஸ்விங்குடையதுதான்.

ஷெர்சிங்கர் சவோயில் எல்லாக் காட்சியிலும் நடிக்கவில்லை. திங்கள்கிழமைகளில் நோர்மாவாக நடித்தவர் ரேச்சல் டக்கர். இவரும் டிவியில் வந்தவர்தான்! 2008இல் 'ஆலிவர்!' நாடகத்துக்கு நான்சியைத் தேடி பிபிசி நடத்திய போட்டியில் இறுதிக்கட்டம்வரை வந்து தோற்றவர். தோற்றபிறகு போய் 'விக்கெட்' நாடகத்தில் எல்ஃபபாவாக எட்டுக் காட்சி வாரங்களை மாதக்கணக்கில் தாங்கி, மேடைக்காரராகவே ஆனவர்.

பிராட்வேயில் குறிப்பிட்ட காட்சிகளில் நோர்மாவாக வந்தவர் மாண்டி கொன்சாலஸ். 2008இல் லின்-மனுவல் மிராண்டாவின் 'இன் தி ஹைட்ஸ்' பிராட்வேக்கு வந்தபோது நீனா வேடத்தில் நடித்தவர். பின்னர் 'ஹாமில்டன்' நாடகத்திலும் பல ஆண்டு நடித்தவர். அதே நீனா வேடத்தில் 2010இல் சில மாதம் நடித்தவர் யார் தெரியுமா? 2007 'அமெரிக்கன் ஐடல்' வெற்றியாளர் ஜோர்டின் ஸ்பார்க்ஸ்.

இப்ப புரியுதா? நீங்கள் கேள்விப்படாத பெயர் என்பதற்காக அவர் குறைந்தவர் ஆகிவிடமாட்டார். பல சமயம் அந்த வேடத்தை அவரால்தான் வாரம் எட்டு முறை செய்யமுடியும்.

அதே நேரத்தில், இதைச் சொல்லி உங்களுடைய ஏமாற்றத்தை நான் தள்ளிவிடப் போவதில்லை. நாடகத்துறையினர் சிலர் அப்படித்தான் பேசுவார்கள்: "நாடகத்தைப் பார்க்கவந்தீர்களா, ஆளைப் பார்க்கவந்தீர்களா?" இது நியாயமில்லை. ஆளின் முகத்தை இரண்டு மாடி உயரத்துக்கு ஒட்டி டிக்கெட் விற்றது யார்? பெயரை வைத்து விலையை ஏற்றிவிட்டு, அந்தப் பெயர் வராதபோது 'கலைதான் முக்கியம்' என்று வகுப்பெடுப்பது சரியா? ஷெர்சிங்கருக்குச் செய்ததுபோல, எந்தெந்தக் காட்சிகளில் நட்சத்திரம் வரமாட்டார் என்று டிக்கெட் விற்கும்போதே சொல்லிவிடுவது எவ்வளவோ மேல். நட்சத்திரத்தின் தொண்டை பிழைக்கும். மாற்றுக் கலைஞருக்கும் அவரையே பார்க்கவரும் கூட்டம் ஒன்று கிடைக்கும். ஃபன்டேஷியாவை மட்டும் குறை சொன்ன பத்திரிகைகள், அவர் காட்சிகளை அப்படிப் பிரித்துக் கொடுத்திருக்கலாமே என்று தயாரிப்பாளர்களையும் கேட்டிருக்கலாம்.

நம்ம ஊர்ல எப்படி?

சிங்கப்பூருக்கு வரும் பெரிய இசை நாடகங்கள் பெரும்பாலும் சுற்றுப்பயணத் தயாரிப்புகள். 2024இல் மரினா பே சாண்ட்ஸ் அரங்கில் 'ஹாமில்டன்' நடந்தபோது மக்கள் டிக்கெட் வாங்கியது நாடகத்தின் பெயருக்காக. நடிகர்கள் யார் என்று கேட்டு வாங்கியவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள்? அதனால் இந்தத் துண்டுக் காகிதச் சிக்கல் நமக்கு அவ்வளவாகத் தெரிவதில்லை.

உள்ளூரில் நேதன் ஹார்ட்டோனோவைப் பாருங்கள். 2016இல் 'சிங்! சைனா' போட்டியில் இரண்டாவது வந்தபோது தீவே அவரைக் கொண்டாடியது. ஆனால் அதற்கு நான்கு ஆண்டு முன்பே, 2012இல், பாங்டிமோனியம் நாடகக் குழுவின் 'ஸ்பிரிங் அவேக்கனிங்' இசை நாடகத்தில் முதன்மை வேடத்தில் நடித்துவிட்டார். மேடை முதலில், டிவி அப்புறம். கோடிக்கணக்கான பேர் பார்க்கும் நேரலையில் பதறாமல் நிற்பதற்கு அந்த அனுபவம் கைகொடுத்திருக்கும் என்று நினைக்கிறேன்.

தமிழ் மேடையில் நிலைமை வேறு. நம் நாடகங்கள் பெரும்பாலும் ஒரு வார இறுதி, மூன்று நான்கு காட்சிகள், முடிந்துவிடும். எட்டுக் காட்சி வாரம் என்ற பேச்சே இல்லை. மாற்றுக் கலைஞரை வைத்துக்கொள்ளும் வசதியும் பெரும்பாலும் இருக்காது. பகலில் வேலை அல்லது படிப்பு, இரவில் ஒத்திகை. அப்படிப்பட்ட இடத்தில் டிவியில் பெயர் வாங்கிய பாடகர் ஒருவர் வந்தால் அரங்கம் நிரம்பும் என்பது உண்மை. ஒத்திகைக்கு அவரால் எத்தனை நாள் வரமுடியும் என்பதைத்தான் முதலில் கேட்கவேண்டும். குரல் இருக்கிறது என்பது தெரிந்த விஷயம். நேரம் இருக்கிறதா?

நீங்கள் டிக்கெட் வாங்கப் போகிறீர்கள் என்றால் ஒரு குறிப்பு. பிராட்வேயில் பொதுவான வழக்கம் இது: நட்சத்திரத்தின் பெயர் நாடகத் தலைப்புக்கு மேலே அச்சாகியிருந்தால் மட்டும்தான், அவர் வராத நாளில் பணத்தைத் திரும்பக் கேட்கவோ வேறு தேதிக்கு மாற்றவோ முடியும். பெயர் தலைப்புக்குக் கீழே இருந்தால், எவ்வளவு பெரிய எழுத்தில் இருந்தாலும் கிடையாது. வேறு ஊர்களில் விதிகள் வேறு. 'நடிகர்கள் மாற்றத்துக்கு உட்பட்டவர்கள்' என்ற பொடி எழுத்து வரி ஒன்று டிக்கெட் பக்கத்தின் அடியில் பெரும்பாலும் இருக்கும். பணம் கட்டும் முன்னால் கீழே இறக்கிப் படித்துவிடுங்கள். விடுமுறைக்கு நியூயார்க்கோ லண்டனோ போய் நாடகம் பார்க்கத் திட்டம் இருந்தால் இன்னும் முக்கியம், அடுத்த நாள் போய்ப் பார்க்க நீங்கள் அங்கே இருக்கமாட்டீர்கள்.

ஃபன்டேஷியா என்ன ஆனார் என்று கேட்கிறீர்களா? 2013இல் 'ஆஃப்டர் மிட்நைட்' நிகழ்ச்சியில் பிராட்வேக்குத் திரும்பினார், சிறப்புக் கலைஞராக, குறுகிய காலத்துக்கு. 'தி கலர் பர்ப்பிள்' இசை நாடகம் திரைப்படமானபோது, செலி வேடத்துக்கு மீண்டும் அவரையே அழைத்தார்கள். முதலில் தயங்கினார். மேடையில் அந்த வேடம் தம்மை எவ்வளவு வாட்டியது என்பதை அவர் மறக்கவில்லை. கடைசியில் ஒப்புக்கொண்டார். 2023 டிசம்பரில் படம் வெளியானது, கோல்டன் குளோப் நியமனமும் வந்தது. படப்பிடிப்பில் ஒரு வசதி உண்டு: தொண்டை சரியில்லை என்றால் நாளைக்கு எடுத்துக்கொள்ளலாம்.